ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஓர் ஆள்

அமெரிக்க ஏரிக்கரை ஊரான எங்கள் போர்ட் ஆல்டனில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வெர்னா ஹாக்கலாவுக்குத் தெரிந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. நான் அவளுக்குப் பக்கத்து மேஜையில் ரொட்டி வெட்டிக் கொடுப்பவள். வெர்னாவுக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அந்தக் கையிலிருந்து அத்தனை மெல்லிய எழுத்து வரும் என்று பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். "உங்க பிள்ளை பேருல எதுக்கு இத்தனை எழுத்து? எனக்குக் கேக் பத்தலையே" என்று வாடிக்கையாளரைச் சீண்டிக்கொண்டே எழுதி முடித்துவிடுவாள்.

அந்தக் குரலுக்குச் சரியான இடம் மைதானம்தான். ஏரிக்கரை ரயில் பாதையை ஒட்டி எங்கள் ஊர் பேஸ்பால் மைதானம் இருந்தது. எங்கள் டீமுக்கு ஸ்டோக்கர்ஸ் என்று பெயர். பெரிய லீக்கில் ஆடுகிற டீம் இல்லை. மேலே போக முடியாதவர்களும் மேலே போய்க் கீழே விழுந்தவர்களும் வந்து ஆடுகிற சின்ன லீக். ஆனாலும் எங்களுக்கு அதுதான் டீம். மூன்றாவது பேஸ் என்கிற மூலைப் பக்கம், மேலிருந்து நாலாவது பெஞ்சு எங்களுடையது. அங்கிருந்து வெர்னா ஒரு சத்தம் போட்டால் அம்பயர் திரும்பிப் பார்ப்பார்.

அவள் கணவன் ரெய்னோ இதற்கு நேர் எதிர். துறைமுகத்தில் இரும்புத்தாது இறக்கும் கிரேனை ஓட்டியவன். நாள் முழுக்கத் தனியாக உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் பேச்சே மறந்துவிட்டது என்று வெர்னா சொல்வாள். ஆட்டம் பார்க்கும்போது வேர்க்கடலையை உடைத்து உடைத்து அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருப்பான். அவள் கத்திக்கொண்டே தின்பாள். குழந்தைகள் இல்லை. கோடைக்காலம் முழுக்க அந்த பெஞ்சு, குளிர்காலம் முழுக்க அடுத்த கோடையைப் பற்றிய பேச்சு. இப்படியே அவர்கள் காலம் போயிற்று. ஸ்டோக்கர்ஸ் ஒரு தடவையாவது கோப்பை வாங்கவேண்டும் என்பதைத் தவிர அந்த இருவரும் பெரிதாக எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

ஒரு நவம்பர் மாதம், பனியும் மழையும் கலந்து பெய்த ஒரு சாயங்காலம், ஏரிக்கரைச் சாலையில் ரெய்னோவின் வண்டி டயர் பஞ்சரானது. ஓரமாக நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தான். கோரி பெல்னாப் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்தான். அவன் வண்டி மோதி ரெய்னோ அங்கேயே போய்விட்டான்.

கோரி எங்கள் ஊர்ப் பையன். பதினேழு வயதிலேயே இடது கையால் அவன் எறிகிற பந்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பெரிய லீக்கில் அரை சீசன் ஆடினான். தொலைக்காட்சியில் அவன் முகம் வந்தபோது ஊரே மதுக்கடைகளில் கூடி நின்று பார்த்தது. அந்த சீசன் முடிந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் இது நடந்தது. நீதிமன்றத்தில் எழுந்து நின்று, வெர்னாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். சில வருடங்கள் சிறையில் இருந்தான். வெளியே வந்து எங்கோ தெற்கே மறுபடி பந்து எறிகிறான் என்று கேள்விப்பட்டோம். வெர்னாவின் காதுபட யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

ரெய்னோ போன அடுத்த வசந்தத்தில், முதல் ஆட்டத்துக்கு அவள் வருவாளா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். வந்தாள். அந்த பெஞ்சுகளில் இருக்கைக்கு எண் கிடையாது, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம். முடிதிருத்தும் ஆர்லோ பிக்கார்ட் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் பக்கத்தில், ரெய்னோ உட்காரும் இடத்தில் போட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெயிலோ மழையோ ஆர்லோ கோட்டோடு வருவான். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆர்லோவைப் பற்றி ஊரில் எத்தனையோ குறை சொல்வார்கள். வெர்னா மட்டும் அவனை விட்டுக்கொடுத்துப் பேசியதே இல்லை.

இப்படிச் சில வருடங்கள் போனபின் அந்த ஜூலை வந்தது. ஸ்டோக்கர்ஸ் முதலிடத்தில் இருந்தது. எங்கள் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. ஆனால் டீமுக்கு ஒரு நோய் இருந்தது. எட்டு இன்னிங்ஸ் முன்னணியில் இருப்பார்கள், ஒன்பதாவதில், அதுதான் கடைசி இன்னிங்ஸ், கொட்டிக் கவிழ்த்துவிடுவார்கள். கடைசியில் இறங்கி, எடுத்த ரன்களைக் காப்பாற்றிக் கொடுக்கிற பிட்சர், அதாவது பந்து எறிபவன், இல்லை. இருந்தது வீலர் என்று ஒருவன். அவன் மைதானத்துக்குள் நடந்து வரும்போதே பாதிப் பேர் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாமிடத்து டீம் நெருங்கிக்கொண்டிருந்தது.

உள்ளூர் ரேடியோவில் தினமும் சாயங்காலம் ரசிகர்கள் போனில் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. யாரை எடுக்கலாம், யாரைத் துரத்தலாம் என்று ஊரே சண்டை போடும். ஒருநாள் பெயர் சொல்லாத ஒருவர் போனில் சொன்னார்: "பெல்னாப் சும்மாதான் இருக்கான். அவன் டீம் கலைஞ்சு போச்சு. ஊருக்குத் திரும்பி வந்தாப் பரவாயில்லன்னு சொல்றானாம்." நிகழ்ச்சி நடத்துபவர் சட்டென்று விளம்பரத்துக்குப் போய்விட்டார். ஆனால் பெயர் வெளியே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மதியம் வேலை முடித்து நானும் வெர்னாவும் ஆர்லோவின் முடிதிருத்தும் கடைக்குப் போனோம். விற்காமல் மிஞ்சின டோனட்டுகளை அவள் வாராவாரம் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். வாசலிலேயே சத்தம் கேட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் தாட் மஸ்லங்கா முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தார். ஆர்லோ கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். இன்னும் ஐந்தாறு பேர் சுவரோரம்.

"எட்டு இன்னிங்ஸ் ராஜா, ஒன்பதாவதுல பிச்சைக்காரன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றான் ஆர்லோ. "வீலர் போடுற பந்து தபால்ல போட்ட பார்சல் மாதிரி இருக்கு. எப்ப வரும், யார் வீட்டுக்குப் போகும், ஒருத்தனுக்கும் தெரியாது."

"தபாலை எதுக்குடா இழுக்கிற? என் காலத்துல ஒரு பார்சல் தவறினதில்ல," என்றார் தாட். "முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை. உன் ஆத்திரத்துல என் காது போயிடும்."

"இண்டியானாக்காரன் பிட்சர் ஒருத்தன் இருக்கானே, அவனைக் கேக்கலாம்ல?" என்றார் ஒருவர்.

"அவனுக்கு நாப்பத்தோரு வயசு. பந்து எறியுற மேட்டுல ஏர்றதுக்கே ஆள் பிடிக்கணும்," என்றான் ஆர்லோ. "நான் சொல்றேன் கேளு. இடது கை, வேகம், தைரியம். இந்த லீக்ல அவனைத் தொடறதுக்கு ஆளில்ல. நம்ம மண்ணு. நம்ம பையன். சும்மா உக்காந்திருக்கான்."

"பேரைச் சொல்லேன்," என்றார் தாட். "சொல்ல வாய் வரமாட்டேங்குதுல்ல? அதான் விஷயம். பேரைச் சொல்லக் கூசுற ஆளை நம்ம சட்டை போட்டு நிறுத்துவியா?"

"அவன் தண்டனை அனுபவிச்சுட்டான், தாட்."

"யாரு இல்லன்னா? வேற ஊர்ல போய் ஆடட்டும். அமெரிக்காவுல ஊரா இல்ல?"

அப்போதுதான் கண்ணாடியில் வெர்னாவைப் பார்த்தார்கள். கடை அப்படியே நின்றுபோனது. ஆர்லோ குழாயைத் திறந்து கத்தியைக் கழுவ ஆரம்பித்தான். வெர்னா டோனட் பெட்டியை மேஜையில் வைத்தாள், கயிற்றைப் பிரித்தாள், ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"என்ன, நான் வந்ததும் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா? பெல்னாப்பைப் பத்தித்தானே பேசுறீங்க?"

ஆர்லோ குழாயை மூடினான்.

"பேசுங்கப்பா. ரேடியோவுல நானும்தான் கேட்டேன்."

"இல்ல வெர்னா, சும்மா பேச்சுக்கு..." என்று ஆர்லோ இழுத்தான். "நீ வேண்டாம்னா இந்தப் பேச்சே கிடையாது. சத்தியமா."

அவள் கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள். பிறகு, வேறு எந்த பிட்சரைப் பற்றியும் பேசுவதுபோலப் பேசினாள். "அவன் பந்து கடைசி நேரத்துல உள்ள வளையும். வலது கை மட்டைக்காரனால அதை அடிக்க முடியாது. பயப்படமாட்டான். ஒரு இன்னிங்ஸுன்னா தாராளமாப் போடுவான். நமக்கு அப்படி ஒரு ஆளுதான் வேணும். கூட்டிட்டு வாங்க."

"வெர்னா!" என்று தாட் நுரையோடு எழுந்தே விட்டார். "நான் ஒத்துக்கமாட்டேன். நீ சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன்."

"உக்காருங்க தாட், பாதி முகத்தோட எங்க போறீங்க? கோப்பை வேணுமா வேண்டாமா?"

"இந்த விலைக்கு வேண்டாம்."

மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆர்லோ வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "உன்ன மாதிரி ஒரு மனசு..." என்றான். சுவரோரத்தில் யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு பெல்னாப்பை எட்டாவதிலேயே இறக்கலாமா, ஒன்பதாவதுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று போய்விட்டது.

திரும்பி நடக்கும்போது அவள் பாலத்தின் மேல் வந்ததும் நின்றாள்.

"இர்மா, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியுமா?"

"டீமுக்காக."

"டீமுக்காகவும்தான். ஆனா நான் சொன்னதும், 'இல்ல வெர்னா, அது சரியா வராது'ன்னு யாராவது சொல்வாங்கன்னு நெனைச்சேன். தாட் சொன்னாரு. அவர் எப்பவும் எதையாவது எதிர்ப்பாரு. மத்தவங்க? நான் வாயை மூடுறதுக்குள்ள ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் போயிட்டாங்கடி."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடு. இன்னும் ஒண்ணும் ஆகல. நானே போய்ச் சொல்றேன்."

"சொன்னதைத் திருப்பி வாங்கினா, தோக்குற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் முகத்தைத்தான் பாப்பாங்க. வாய் திறந்து கேக்கமாட்டாங்க. பாப்பாங்க. எனக்கு அது தாங்காது."

மறுவாரமே டீம் நிர்வாகம் கோரி பெல்னாப்போடு ஒப்பந்தம் போட்டது. வெர்னாவிடம் யாரும் நேரில் வந்து கேட்கவில்லை. ஆர்லோ போய்ச் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டார்கள். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது: 'கணவனைக் கொன்றவரை மன்னித்த பெண்மணி'. நிருபர் போன் செய்தபோது, "கை நிறைய வேலை, அப்புறம் பேசுறேன்" என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். பத்திரிகையை வேலையிடத்துக்குக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"நான் எங்கடி மன்னிச்சேன்? பந்து நல்லாப் போடுவான்னுதானே சொன்னேன்?"

அன்று முழுக்கக் கேக் வாங்க வந்தவர்களெல்லாம் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பாதிரியார் வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவளைப் பற்றிச் சொல்லப்போவதாகச் சொன்னார். வெர்னா க்ரீம் பையை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். வழக்கமான கிண்டல் ஒன்றுகூட வரவில்லை.

கோரி முதல்முறை இறங்கிய ஆட்டம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு ரன் முன்னணி, ஒன்பதாவது இன்னிங்ஸ். வேலிக் கதவு திறந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மேட்டை நோக்கி நடந்தான். முதலில் மைதானம் அமைதியாக இருந்தது. பிறகு முதல் பேஸ் பக்கம் யாரோ கைதட்டினார்கள். அது பரவியது. இரண்டாவது மட்டைக்காரன் அவுட் ஆனபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது ஆளை ஒரு பந்தைக்கூடத் தொடவிடாமல் ஸ்டிரைக் ஆக்கி அனுப்பினான். "கோரி! கோரி!" என்று மைதானம் அதிர்ந்தது. எங்கள் பெஞ்சும் எழுந்து நின்று கத்தியது. ரெய்னோவின் சவப்பெட்டியைத் தூக்கிய கைகள் எல்லாம் மேலே இருந்தன. தாட் வரவில்லை. உட்கார்ந்திருந்தது வெர்னா மட்டும். அவளுக்கு முன்னால் முதுகுகள் எழும்பி மறைத்துவிட்டதால் அவளால் எதையும் பார்த்திருக்க முடியாது. நான் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றேன்.

"ஸ்டிரைக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. முடிஞ்சுது. ஜெயிச்சாச்சு."

"நல்லது," என்றாள்.

அதன் பிறகும் வந்தாள். டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. மைதானத்தில் கூட்டம் நிரம்பியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, உட்கார இடமில்லாமல் படிக்கட்டுகளில்கூட ஆட்கள் நின்றார்கள். வெளியூர் மனிதர் ஒருவர் மனைவியோடு எங்கள் பெஞ்சின் பக்கம் வந்தார். மனைவிக்கு முழங்கால் வலி போலிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கோட்டு யாரோடதுங்க? இங்க ஆள் வர்றாங்களா?" என்று அவர் கேட்டார்.

ஆர்லோ மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கோரி தோளைச் சுழற்றித் தயாராகிக்கொண்டிருந்தான். "இல்ல, யாரும் இல்ல. உக்காருங்கம்மா," என்றான். கோட்டை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்ன செய்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த அம்மாள் வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப நன்றிம்மா" என்றாள். வெர்னா சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள். "பரவாயில்ல, வசதியா உக்காருங்க," என்றாள். ஆட்டம் முடியும்வரை இருந்தாள். அந்த அம்மாளை மெதுவாகக் கைபிடித்துப் படி இறக்கியும் விட்டாள். அதோடு சரி. அதன் பிறகு அவள் அந்த மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்றாள். மூன்றாவது ஆட்டத்தன்று ஆர்லோ கடைக்கே வந்துவிட்டான். கேக் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன வெர்னா, ஆளையே காணோம். நீ இல்லாம அம்பயருக்கெல்லாம் குளிர் விட்டுப்போச்சு."

"கால் வலி, ஆர்லோ. படி ஏற முடியல."

"கீழ் வரிசையில இடம் பிடிக்கிறேன்."

"வேண்டாம்பா. நீங்க பாருங்க."

"என்மேல கோவமா?"

"உம்மேல எனக்கு எப்படிக் கோவம் வரும், சொல்லு?" என்றாள். அவன் நிம்மதியாகப் போனான். என்னிடம்கூட அவள் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் கோரி வந்தான். தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. முப்பதுக்கு மேல் இருக்காது, காதோரம் நரைத்திருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தான்.

"மிஸஸ் ஹாக்கலா," என்றான். "நீங்க ஆட்டத்துக்கு வர்றதில்லன்னு சொன்னாங்க. என்னாலதான்னா... நான் போயிடறேன். இன்னைக்கே சொல்லிட்டுப் போயிடறேன்."

வெர்னா ஒரு ரோஜாப்பூவைக் க்ரீமில் போட்டு முடித்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"நீ போனா, நான்தான் துரத்திட்டேன்னு பேசுவாங்க. நீ ரயில் ஏறிப் போயிடலாம், நான் இங்கதான் இருக்கணும். போகாத. வந்த வேலையைப் பாரு."

"நான் தினமும் அவரை நெனைச்சு..."

"வேண்டாம்," என்றாள். "அன்னைக்குக் கோர்ட்டுல சொன்னே, கேட்டேன். மறுபடி மறுபடி சொல்லி என்னை எதுவும் சொல்லவைக்காத. எங்கிட்ட உனக்குக் குடுக்க ஒண்ணுமில்லப்பா." வரிசையை எட்டிப் பார்த்தாள். "உனக்குப் பின்னாடி ஆள் நிக்கிறாங்க. என்ன வேணும்?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "டோனட்" என்றான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் போனதும் வெர்னா பின்பக்கக் குளிரறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. "அவனுக்கும் தலை நரைச்சுடுச்சு, பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் ஸ்டோக்கர்ஸ் கோப்பை வாங்கிவிட்டது. கடைசி மட்டைக்காரனைக் கோரிதான் அவுட் ஆக்கினான். ஊரில் கார் ஹாரன்கள் ஓயவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள்கூட ஊதின. நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் மதியம் ஆர்லோ ஒரு யோசனை சொன்னான். கோப்பையை வெர்னா வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும், அவளால்தானே வந்தது என்று. நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிவிட்டான். நாலைந்து வண்டிகளில் போனோம். கோரி வரவில்லை, அந்த மட்டுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது. தாட் மட்டும் தனியாக நடந்து வந்து, எங்களோடு சேராமல் வாசல் மரத்தடியில் நின்றார்.

வெர்னா கதவைத் திறந்தாள். எங்களையும் கோப்பையையும் பார்த்தாள். "உள்ள வாங்க, செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் தொடைச்சேன்," என்றாள். தாட்டைப் பார்த்து, "உங்களுக்குத் தனியாக் கடுதாசி போட்டு அழைக்கணுமா? வாங்க," என்றாள். காபி போட்டாள். ஏலக்காய் ரொட்டி வெட்டினாள். கோப்பையை சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தோம். அது நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"சொல்லுங்க, என்ன நடந்தது?" என்று கேட்டாள். ஆர்லோ எழுந்து நின்று ஒவ்வொரு பந்தாக நடித்துக் காட்டினான். பந்து பிடிக்கிற கேட்சர் தடுக்கி விழுந்ததைக் காட்டும்போது அவனே கம்பளத்தில் தடுக்கி விழுந்தான். வெர்னா சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆர்லோ முகத்தில் தெரிந்தது. போகும்போது அவளைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம் வந்துடு, வெர்னா. நீ இல்லாம நல்லாவே இல்ல," என்றான்.

"பாப்போம்," என்றாள்.

எல்லோரும் போனபின் நான் காபிக் கோப்பைகளையும் தட்டுகளையும் கழுவ நின்றேன். அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துண்டைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும், இர்மா. கேட்சர் விழுந்தது வரைக்கும். நேத்து நான் ரேடியோ கேட்டேன்."

"கேட்டா என்ன?"

"கீழ நிலவறையில, துணி துவைக்கிற மெஷின் பக்கத்துல உக்காந்து கேட்டேன். என் வீட்டுல நான் கேக்குறதை யாரும் பாக்கக்கூடாதுன்னு. யாரு பாக்கப்போறா? கடைசி ஆளு, கடைசிப் பந்து. அந்தப் பையன் எறிஞ்சான். அவுட்டுன்னு சொன்னதும் நான் குதிச்சு எழுந்துட்டேன்டி. 'கோரி, கோரி'ன்னு கத்திட்டேன்."

நான் கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ரெய்னோ இந்த நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தான். அவனைக் கொன்னவன் பேரைச் சொல்லி நான் கத்துறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரல. கூட்டத்தோட சேர்ந்து கத்தினேன்னு சொல்லவும் வழியில்ல. நான் மட்டும்தான் இருந்தேன். அந்தச் சத்தம் என் வாயிலேர்ந்துதான் வந்தது."

அவள் கன்னத்தில், உதட்டுக்குப் பக்கத்தில், தன் வாயிலேயே அடித்துக்கொண்ட சிவந்த தடம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு அழுதாள். நீதிமன்றத்திலும் அழாதவள், கல்லறையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் அவள் வரவில்லை. ஆர்லோ சில வாரம் கோட்டைப் போட்டு வைத்தான். பிறகு வெயில் ஏறியதும் கோட்டு கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். கோரி அந்த வருடம் பாதியில் தோள்பட்டைத் தசை கிழிந்து ஆட்டத்தை விட்டான். சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனான். டென்னசியில் சரக்கு வண்டி ஓட்டுகிறான் என்றார்கள். இல்லை, அது வேறொருவன் என்றும் சொன்னார்கள். நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நிறுத்திவிட்டேன். பெஞ்சில் புது முகங்கள்.

வெர்னா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலிருக்கிறாள். ஆட்டம் நடக்கிற சாயங்காலங்களில் தாட் மஸ்லங்கா அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். யாரும் அழைக்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை. இருவரும் சீட்டாடுவார்கள். சில நாள் நானும் போவேன். காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தால் மைதானத்துச் சத்தம் லேசாகக் கேட்கும். தாட் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் டீமை வாங்கியவர்கள் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். போன் அடித்தது. ஆர்லோ. அவன் குரல் எனக்கே கேட்டது.

"போயிடுச்சு வெர்னா. நம்ம டீம் போயிடுச்சு."

"அப்படியா," என்றாள் வெர்னா. கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். "உனக்கு இடுப்புல ஆபரேஷன்னு சொன்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?"

அவன் இடுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எப்போதும்போல நீளமாகச் சொன்னான். அவள் நடுநடுவே "உம்" கொட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். தாட் தன் சீட்டுகளைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.